வலப்பக்கமே போன பந்து

என்னைக் கோல்ஃப் ஆட வைத்தது ஒரு சாரைப்பாம்பு.

அப்போது நான் மலாயாவின் மலாக்காப் பகுதியில், சுங்கை ரம்பாய் போகிற சாலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆபீஸ் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். ஒரு நாள் காலை டைப்ரைட்டர் மேசைக்கு அடியிலிருந்து பாம்பு ஒன்று வெளியே வந்தது. பெரியதும் இல்லை, விஷமும் இல்லை. ஆனால் அதெல்லாம் பிறகு யோசித்துச் சொல்வது. அந்த நேரத்தில் என் கைக்கு அகப்பட்டது உயரத்து ஜன்னலைத் திறக்க வைத்திருந்த கொக்கிக் கம்பு. இரண்டு கையாலும் பிடித்து ஒரு வீச்சு வீசினேன். பாம்பு தரையைவிட்டுக் கிளம்பி, திறந்திருந்த வாசல் வழியாகப் பறந்து, படிகளைத் தாண்டி, நேராகச் சாக்கடையில் போய் விழுந்து, உயிரோடு நீந்திப் போய்விட்டது.

அது பறந்துபோன வழியில் துரையின் ஜீப் நின்றிருந்தது. துரை என்றால் தோட்டத்து மானேஜர், நெட்டையான ஸ்காட்லாந்துக்காரர். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, தன் மூக்குக்கு முன்னால் பாம்பு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி வந்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"பள்ளிக்கூடத்தில் என்ன விளையாடினாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஹாக்கி, சார்."

"சனிக்கிழமை மத்தியானம் பங்களாவுக்கு வா."

சனிக்கிழமை ஏன் என்று சொல்ல வேண்டும். வெள்ளைக்கார சர்க்கார் அவசரகாலம் அறிவிப்பதற்கு முன்னால் துரை சனிக்கிழமைதோறும் பட்டணத்து கிளப்புக்குப் போய் மற்றத் தோட்டத்துத் துரைமார்களோடு கோல்ஃப் ஆடிவிட்டு வருவார். கம்யூனிஸ்டுகள் சர்க்காரை எதிர்த்துத் துப்பாக்கியோடு காட்டுக்குள் போனபின் அது அப்படி நினைத்தபோது போய்வருகிற சாலையாக இல்லை. வளைவுகளில் மரத்தை வெட்டிப் போட்டு வண்டிகளை நிறுத்தினார்கள். சில இடங்களில் சுட்டார்கள். விடுமுறைக்குச் சீமைக்குப் போன உதவி மானேஜர், எங்கள் சின்ன துரை, உடம்பு சரியில்லை என்று சொல்லி அங்கேயே தங்கிவிட்டார். எங்கள் துரை பங்களாவுக்கு முன்னாலிருந்த புல்வெளியில், முள்கம்பி வேலிக்கு உள்ளேயே, பால் டின்களைப் புதைத்துக் குழிகள் செய்துகொண்டார். மைதானம் வந்துவிட்டது. எதிராளிதான் இல்லை. "என்னை நானே ஜெயித்து என்ன சுகம்?" என்பார்.

மைதானம் நீளமானது, ஒல்லியானது. மேல் கோடியில் துரை பங்களா. சரிந்து போய்க் கீழ்க் கோடியில் எங்கள் கிராணிமார் வீடுகள். மேட்டில் நின்று கீழே பார்த்தால் இடது பக்கம் முழுக்க முள்கம்பி, அதற்கப்பால் வரிசை வரிசையாக ரப்பர் மரங்கள். வலது பக்கம் செம்மண் சாலையும் அதன் ஓரத்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களின் காவல் கொட்டகையும். கொட்டகைக்குத் தகரக் கூரை. மேட்டிலிருந்து கீழே ஆடிக்கொண்டு போய், கீழேயிருந்து மேலே ஆடிக்கொண்டு வரவேண்டும். அவ்வளவுதான் எங்கள் கோல்ஃப்.

முதல் சனிக்கிழமை துரை ஒரு மட்டையை என் கையில் கொடுத்தார். கையை எப்படி வைப்பது, காலை எப்படி வைப்பது என்று காட்டினார். பாம்பை நினைத்துக்கொண்டு அடித்தேன். பந்து புறப்படும்போது நேராகத்தான் புறப்பட்டது. பாதி வழியில் என்ன தோன்றியதோ, வலது பக்கமாக வளைய ஆரம்பித்தது. வளைந்து வளைந்து, காவல் கொட்டகையின் தகரத்தில் போய் விழுந்தது.

துப்பாக்கிச் சத்தத்துக்கும் தகரத்தில் கோல்ஃப் பந்து விழும் சத்தத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க, உள்ளே படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும் ஆளால் முடியாது. கான்ஸ்டபிள்கள் தரையோடு தரையாகப் படுத்தார்கள். ஒருவன் ரப்பர் மரங்களைப் பார்த்து இரண்டு வேட்டு போட்டான். இன்னொருவன் சங்கை ஊதிவிட்டான். சங்கு ஊதினால் எல்லோரும் வீட்டுக்குள் போய்க் கதவை அடைத்துக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் கோழிகள்கூட உள்ளே போய்விட்டன. புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த என் மனைவி அப்போதுதான் சோறு வடித்திருந்தாள். பானையோடு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் கொட்டகையிலிருந்து கான்ஸ்டபிள்களின் தலைவரான கோப்ரல் வெளியே வந்தார். பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்; கிராமத்துக்கு அங்கே கம்பம் என்று பேர். சற்றுப் பருத்த உடம்பு, நிதானமான மனிதர். கையில் ஒரு வெள்ளைப் பந்து. என்னைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"தக் அப்பா, கிராணி," என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

துரை பட்டணத்துப் போலீஸ் நிலையத்துக்கு டெலிபோன் செய்து விளக்க வேண்டியதாயிற்று. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். "விளையாட்டுப் பந்து," என்றார் துரை. "ஆமாம், பந்து. இல்லை, அது வெடிக்காது." அந்தப் பக்கத்தில் என்ன கேட்டார்களோ, "கிராணிதான். இல்லை, அவன் விசுவாசமான ஆள்," என்றும் சொன்னார்.

இதோடு என்னை விட்டுவிடுவார் என்று நம்பினேன். விடவில்லை. அது கோல்ஃபில் எல்லோருக்கும் வருகிற வியாதி, ஒரே மாதத்தில் தீர்த்துவிடலாம் என்றார். எனக்கு விளையாட்டில் அக்கறை இல்லைதான். ஆனால் திங்கட்கிழமை காலை பேர் கூப்பிட்டு மஸ்டர் எடுக்கிற இடத்தில் ரப்பர் பால்வெட்டுக்காரர்கள் என்னைப் பார்த்து வலது பக்கமாக ஒதுங்கி நடந்து சிரித்தார்கள். அது எனக்கு ரோஷத்தை மூட்டிவிட்டது.

அதற்குப்பின் சனிக்கிழமை மத்தியானம் வந்தால் கான்ஸ்டபிள்கள் எல்லோரும் இரும்புத் தொப்பி போட்டுக்கொள்வார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. தாங்களாகவே போட்டுக்கொண்டார்கள்.

துரையின் வைத்தியம் தலையிலிருந்து தொடங்கியது. பந்தை அடிக்கிற நேரத்தில் நான் தலையைத் தூக்குகிறேன் என்பது அவர் கட்சி. ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிப் பலிக்காதபோது தமிழுக்கு வந்தார். அவர் தமிழ் லயத்தில் கற்ற தமிழ்; அதில் மரியாதைக்கு இடமே கிடையாது. "டேய் கிராணி! தலை கீழே! தலையைத் தூக்காதே, சொல்றேன்!" ஒரு சனிக்கிழமை எனக்கு எதிரே நின்று, இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்துக்கொண்டு "இப்போ அடி" என்றார். அடித்தேன். பந்து வலப்பக்கம் போயிற்று. மட்டை திரும்பி வரும்போது துரையின் முழங்காலைத் தட்டிவிட்டுப் போயிற்று. அன்றைக்கு ஆட்டம் அதோடு முடிந்தது.

துரைக்கும் ஒரு குறை உண்டு. அவர் இடுப்பில் ரிவால்வர் இல்லாமல் வாசற்படி தாண்டுவதில்லை. அது அவர் கையை இடிக்கும். பந்து இடப்பக்கம் போய்விடும். ரிவால்வரால்தான் என்று நான் பணிவாகச் சொன்னபோது, பதினெட்டு வயதிலிருந்தே தனக்கு அப்படித்தான் போகிறது, ரிவால்வரைக் குறை சொல்லாதே என்றார். ஆக, நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் ஆரம்பித்து, மைதானத்தின் ஆளுக்கொரு ஓரமாகத் தனித்தனியே நடந்து போய், குழிக்குப் பக்கத்தில் மறுபடி சந்தித்துக்கொள்வோம்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் என் தோளை அமுக்கிப் பார்த்துவிட்டு நரம்புக் கோளாறு என்று தைலம் கொடுத்தார். தைல வாடை வந்ததே தவிரப் பந்து திருந்தவில்லை. கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். வலப்பக்கம்தானே போகிறது, இடப்பக்கம் குறிவைத்து அடித்தால் நடுவில் போய் விழாதா? மரங்களைக் குறிவைத்து என் பலம் முழுவதையும் சேர்த்து அடித்தேன். மேட்டிலிருந்து அடித்ததில் முதல் தடவையாகப் பந்து குறிவைத்த இடத்துக்கே நேராகப் போயிற்று. முள்கம்பியைத் தாண்டி ரப்பர் மரங்களுக்குள் மறைந்தது. அந்த நேரத்தில் யாரும் எடுக்கப் போகமுடியாது.

திங்கட்கிழமை காலை பால் சேகரிக்கப் போன அம்மாள் ஒருவர் முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு ஆபீசுக்கு வந்தார். அவிழ்த்து என் மேசையில் வைத்தார். ரப்பர் பால் காய்ந்து ஒட்டிய என் பந்து.

"ஐயா, நம்ம மரம் முட்ட போட்டிருக்குங்க," என்றார். "பால் வடியிற கோப்பைக்குள்ளதான் கெடந்துச்சு. அடைக்கு வைக்கலாங்களா?"

ஆபீஸ் முழுவதும் சிரித்தது. பெரிய கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அந்த நாட்களில் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் வெளியே தலைகாட்டக் கூடாது. என் மனைவி மலாக்கா பட்டணத்தில் கடைத்தெருவில் வளர்ந்தவள். தெருவில் நாலு பேர் சத்தமில்லாமல் அவளுக்குப் பொழுது போகாது. முள்கம்பிக்குள் வந்து மாட்டிக்கொண்டதில் அவளுக்கு மிஞ்சியது எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல். அதைத் திறந்தால் மைதானம் முழுவதும் தெரியும். சனிக்கிழமை ஆட்டத்தை ஒன்றுவிடாமல் அங்கிருந்து பார்ப்பாள். ராத்திரி சாப்பாட்டின்போது அதைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டாள். அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

முட்டை விஷயம் லயம் முழுவதும் பரவிய அன்று ராத்திரி, அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் குடையைப் பிடித்துக்கொண்டு வீசிப் பழகிக்கொண்டிருந்தேன். அவள் பாயை உதறிப் போட்டபடியே சொன்னாள்.

"என்னாங்க, ஒண்ணு கேக்கட்டுமா? போவும்போது மட்டும் ஏன் கோணலாப் போவுது?"

"எப்போதும்தான் கோணலாப் போவுது."

"இல்ல லா. நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். பங்களாவிலேருந்து கீழ அடிச்சிக்கிட்டு வரீங்கல்ல, அப்பதான் கோணல். கீழேருந்து மேல அடிச்சிக்கிட்டுப் போவும்போது நேராத்தான் போவுது."

நான் குடையைக் கீழே வைத்தேன். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். திரும்பி வரும்போது ஒழுங்காகப் போவதை நானும் துரையும் காற்றின் கணக்கில் சேர்த்திருந்தோம்.

"அது கடல் காத்து," என்றேன்.

"காத்தா! மேட்டுல நின்னு அடிக்கும்போது மரமெல்லாம் ஒங்க முதுகுப் பக்கம் இருக்கு. பந்த அடிக்கிற நேரத்துல சட்டுன்னு தோளத் திருப்பி மரத்தப் பாக்குறீங்க. ஒவ்வொரு தடவையும். மேல போவும்போது மரம் ஒங்க முகத்துக்கு நேரா இருக்கு, திரும்ப வேண்டியதில்ல." பாயின் மேல் உட்கார்ந்துகொண்டாள். சற்றுக் குரலைத் தாழ்த்தி, "பஸ்ஸுலேருந்து எறக்கிவிட்டாங்களே, அதுலேருந்து நீங்க அப்பிடித்தான். பாசாருல கத்திரிக்கா வாங்கும்போதுகூடத் திரும்பிப் பாக்குறீங்க," என்றாள்.

பஸ் சம்பவம் நடந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கல்யாணமான புதிதில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு இருவரும் திரும்பி வந்துகொண்டிருந்தோம். ஒரு வளைவில் இடப்பக்கத்து ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து ஆட்கள் துப்பாக்கியோடு இறங்கி வந்து பஸ்ஸை நிறுத்தினார்கள். வரும்வரை ஒரு சருகு ஓசைகூடக் கேட்கவில்லை. எல்லோரையும் இறங்கி ஓரமாக நிற்கச் சொன்னார்கள். யாரையும் ஒன்றும் செய்யவில்லை. பஸ்ஸில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போங்கள் என்றார்கள். நடந்தோம். பின்னால் டயர் வெடிக்கிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. அவள் அம்மா கொடுத்துவிட்ட மாங்காய் ஊறுகாய் ஜாடி பஸ்ஸோடு போயிற்று. போலீஸ் நிலையம் வந்து சேரும்வரை அவள் ஊறுகாயைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, அப்போது. அதற்குப் பிறகு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல. எனக்கே தெரியவில்லை.

"இப்ப என்ன செய்றது?" என்றேன்.

"மரத்துப் பக்கம் நான் ஜாகா நிக்கிறேன், காவலுக்கு. நீங்க பந்தப் பாருங்க."

"ஒனக்குப் பயமா இல்லையா?"

"பயந்தான். ஆனா எனக்குப் பந்தடிக்கிற வேல இல்லையே. பயப்படுற வேலய நான் பாத்துக்கிறேன், அடிக்கிற வேலய நீங்க பாருங்க."

அடுத்த சனிக்கிழமை அவள் குடையை எடுத்துக்கொண்டு, பட்டணம் போவதுபோலத் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு என்னோடு பங்களாவுக்கு வந்தாள். துரை தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். வேடிக்கை பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்து நாற்காலி கொண்டுவரச் சொன்னார். அவள் நாற்காலியைத் தொடவில்லை. என் முதுகுக்குப் பின்னால், மட்டை படாத தூரத்தில், என் முதுகுக்கு முதுகு காட்டி, மரங்களைப் பார்த்தபடி குடைபிடித்து நின்றுகொண்டாள்.

"உன் மனைவிக்குக் கோல்ஃப் பிடிக்காதா?" என்று துரை மெதுவாகக் கேட்டார்.

"ம், அடிங்க," என்றாள் அவள், திரும்பாமலே.

அடித்தேன். மட்டையில் பந்து பட்ட சத்தமே வேறு மாதிரி இருந்தது. கனமான, சுத்தமான ஒரு ஓசை. பந்து நடுமைதானத்தில் நேராகப் போய் விழுந்து, இன்னும் கொஞ்ச தூரம் சந்தோஷமாக உருண்டு போயிற்று. துரை வாயிலிருந்த பைப்பை எடுத்தார். காவல் கொட்டகையில் கோப்ரல் இரும்புத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

இன்னொன்று அடிக்கச் சொன்னார் துரை. அதுவும் நேர். சோதித்துப் பார்ப்பதற்காக என் மனைவியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அடிக்கச் சொன்னார். தகரத்தில் டமார். கோப்ரல் தொப்பியைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டார். "மேடம், தயவுசெய்து பழைய இடத்துக்கே வாருங்கள்," என்றார் துரை.

அதற்குப்பின் சனிக்கிழமைதோறும் அவள் வந்தாள். லயத்தில் ஏதேதோ பேசிக்கொண்டார்கள். கிராணியார் சம்சாரம் பட்டணத்தில் மந்திரம் கற்றவள் என்றுகூட ஒரு பேச்சு அடிபட்டது. அவள் அதை மறுக்கவில்லை. நின்றபடியே மரங்களுக்குள் நடப்பதையெல்லாம் எனக்குச் சொல்லுவாள். "ஒரு கொரங்கு. வேற ஒண்ணுமில்ல. அடிங்க." "எலதான் விழுது. அடிங்க." நானும் ஒருநாள் குறும்பாக, "நெசமாவே யாராச்சும் வந்தா என்ன செய்வ?" என்று கேட்டேன். "ஆட்டம் முடியட்டும், அப்புறம் வாங்கன்னு சொல்லுவேன்," என்றாள்.

வயிற்றில் குழந்தை தங்கியபின்னும் வந்தாள். துரை தினமும் அவள் உடம்பைப் பற்றி விசாரித்தார். மனிதாபிமானமும் இருந்திருக்கும், ஆட்டத்தைப் பற்றிய கவலையும் இருந்திருக்கும். ஏனென்றால் பக்கத்துத் தோட்டத்துத் துரையிடம் அவர் என்னைப் பற்றிப் பெருமை அடித்து, இருவர் இருவராக ஒரு போட்டிக்கு ஏற்பாடு செய்துவிட்டார். போட்டி குறித்த சமயத்தில் அவளுக்கு மாதம் நிறைந்துவிட்டது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று மலாக்காவிலிருந்து ஆள் வந்து, ராணுவ லாரிகளின் பின்னால் போன ஒரு காரில் அழைத்துப் போய்விட்டார்கள். போகும்போது வாசலில் நின்று, "தோள நெனப்பு வச்சுக்குங்க," என்றாள். வேறு ஏதாவது சொல்லுவாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன்.

போட்டி நாளன்று பக்கத்துத் தோட்டத்துத் துரை இரும்புத் தகடு போர்த்திய காரில் தன் சின்ன துரையோடு வந்து இறங்கினார். அந்தக் காருக்கு ஜன்னல் கிடையாது. பார்ப்பதற்கு ஒரு பிளவு மட்டும் உண்டு, அதற்கும் மூடி உண்டு. காரைச் செம்மண் சாலையில் நிறுத்திவிட்டு அதன் டிரைவர் உள்ளேயே சாய்ந்து உட்கார்ந்தார். தமிழர்தான், எனக்குத் தெரிந்த மனிதர்.

எல்லோரும் பார்க்க நான் மேட்டில் போய் நின்றேன். முதுகுப் பக்கம் காலியாக இருந்தது. குளிர்காற்று அடிப்பதுபோல இருந்தது. தோள், தோள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மட்டையைத் தூக்கினேன். இறக்குகிற நேரத்தில் என் தோள் யாரையும் கேட்காமல் தானாகத் திரும்பிற்று.

பந்து வலப்பக்கம் வளைந்து போய் இரும்புக் காரின் நெற்றியில் அடித்தது. தகரம் டமார் என்றுதான் கத்தும். இது கோயில் மணிபோல டங்கென்று ஒலித்து, அந்த ஒலி நெடுநேரம் நிற்கவே இல்லை. பிளவின் மூடி படாரென்று விழுந்தது. "தொரே, அடிச்சுட்டானுங்க!" என்று உள்ளேயிருந்து டிரைவர் கத்தினார். "நான் வெளிய வரமாட்டேன்!"

அது பந்துதான் என்று கோப்ரலுக்குத் தெரியும். மற்ற யாரைவிடவும் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் விருந்தாளியாக வந்த வெளியூர்த் துரை பார்த்துக்கொண்டிருக்கும்போது தன் ஆட்கள் சும்மா நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை. விசிலை ஊதினார். கான்ஸ்டபிள்கள் துப்பாக்கியோடு ஓடி வந்து, முள்கம்பி ஓரமாக மைதானத்தின் நீளத்துக்கும் வரிசையாக மண்டியிட்டு, மரங்களைக் குறிவைத்தார்கள். அழகாகத்தான் செய்தார்கள். வெளியூர்த் துரை அசந்துபோனார்.

எங்கள் துரை தலையில் கைவைத்துக்கொண்டு, அவர்களைத் திரும்பப் போகச் சொல்லலாமா என்று கேட்டார். "வேண்டாம்," என்றார் வெளியூர்த் துரை. "இருக்கட்டும். எனக்கு நிம்மதியாக இருக்கிறது."

அடுத்த சுற்றில் நான் மறுபடி மேட்டில் போய் நின்றேன். தோளைப் பற்றி நினைக்கவே இல்லை. என் முதுகுக்குப் பின்னால் அத்தனை ஜோடிக் கண்கள் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் ஒருவன் சேர்ந்து பார்த்து ஆகப்போவது என்ன? பந்தைப் பார்த்தேன். அதன்மேல் ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. ஊதித் தள்ளிவிட்டு அடித்தேன். நேராகப் போயிற்று. அதற்கடுத்ததும் நேர். கடைசிவரை நேர். துரை என் பந்துகளைப் பார்த்துப் பார்த்துத் தன்னுடையதை மறந்து, கைக்கெட்டும் தூரத்துக் குழியைத் தவறவிட்டார். இல்லாவிட்டால் நாங்கள் ஜெயித்திருப்போம். சமமாக முடிந்தது. டிரைவரைக் காரைவிட்டு வெளியே வரவழைக்கத்தான் நேரமாயிற்று.

பிறகு மலாக்காவுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்தேன். பெண் குழந்தை. சிவப்பாக, கோபமாக இருந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் மனைவி கட்டிலில் படுத்தபடி கேட்டாள்.

"பிள்ளையப் பாத்தாச்சுல்ல. இப்ப சொல்லுங்க, என்னாச்சு?"

"மொத பந்து வண்டியில பட்டுச்சு. அப்புறமெல்லாம் நேராப் போச்சு."

"யாரு ஜாகா நின்னா?"

"எல்லாரும். வேலி நெடுகத் துப்பாக்கியோட நின்னாங்க."

"நான் ஒருத்தி செஞ்ச வேலைக்கு அத்தன பேரு வேணுமாக்கும்," என்றாள். அதில் அவளுக்கு ஒரு திருப்தி.

அவள் குழந்தையோடு தோட்டத்துக்குத் திரும்பி சில காலத்தில் எங்கள் பகுதியை வெள்ளைப் பகுதி என்று அறிவித்துவிட்டார்கள். இனி அபாயமில்லை என்று அர்த்தம். ஊரடங்கு போயிற்று. காட்டிலிருப்பவர்களுக்குப் போய்ச் சேரும் என்று தடுத்திருந்த சோற்றை மறுபடி முடிச்சாகக் கட்டிக்கொண்டு வேலைக்காட்டுக்குப் போகலாம் என்றாயிற்று. ராத்திரி லயத்தில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்து பேசினார்கள். துரை மறுபடி காரை எடுத்துக்கொண்டு பட்டணத்து கிளப்புக்குப் போக ஆரம்பித்தார். அந்த கிளப்பில் கிராணிமார்களுக்கு இடமில்லை. அதைச் சொல்வதற்கு அவர் ஆபீசுக்கு வந்து, வெகுநேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசியில் சொல்லாமலே போய்விட்டார். எனக்குத் தெரியாதா என்ன. ஆனால் மட்டைகள் பங்களா தாழ்வாரத்தில்தான் இருக்கும், வேண்டும்போது எடுத்துக்கொள் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மட்டையையும் பந்துப் பையையும் எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். அவளும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பழக்கத்தில் என் முதுகுக்குப் பின்னால் போய் மரங்களைப் பார்த்து நின்றாள். குழந்தையும் மரங்களைப் பார்த்தது.

"இப்ப அங்க என்ன இருக்கு?" என்றேன். "இந்தப் பக்கம் திரும்பு."

"திரும்பி என்ன செய்றது?"

"பந்தப் பாரேன்."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அத்தனை மாதம் வெயிலில் நின்றவள், மேட்டிலிருந்து நான் நேராக அடித்த ஒரு பந்தைக்கூடப் பார்த்ததில்லை. சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிறாள். துரையின் "ஆகா"வைக் கேட்டிருக்கிறாள். அவள் தயங்கித் தயங்கித் திரும்பி, எனக்கு எதிரே வந்து நின்றாள். குடையை மடக்கிக் கீழே போட்டாள்.

அவள் பார்க்கிறாள் என்பதால் மட்டையை ஒருமுறைக்கு இருமுறை துடைத்துக்கொண்டேன். அடித்தேன். பந்து எழும்பி, உயரமாக, வெயில்பட்டு மின்னிக்கொண்டு போயிற்று. அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெகுதூரத்தில் புல்லில் விழுந்து உருண்டு நின்றது.

"கடைசியில கொஞ்சம் சோத்தாங்கைப் பக்கம் போவுதே," என்றாள்.

"அது காத்து."

அவள் ஒரு இலைகூட அசையாத மரங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"இன்னொண்ணு அடிங்க, பாப்போம்."

பை காலியாகும்வரை அடித்தேன்.